பழைய வண்டியும் துருவின் விலையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் பழைய கார் வாங்கும் வகையைப்பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தமை நண்பர் சிலர்க்கு நகையை விளைத்தல் கூடும். "இலக்கணத்திற்கும் இரும்புத் துருவிற்கும் இயைபு யாது?" என அவர் வினவலாம். இயைபு உண்டோ இலதோ யான் அறியேன். ஆயினும் 2024-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் ஒரு பழைய காரை வாங்க முற்பட்டபோது நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அது வகுப்பறையிற் கற்றதன்று. ஒரு வண்டியின் அடியில் முதுகு மண்ணிற் படக் கிடந்து கற்றது. அதற்கு நாங்கள் செலுத்திய சம்பளம் ஐயாயிரம் ரூபாய். அப்பாடத்தை இம்மலரின் வாயிலாகப் பிறர்க்குச் சம்பளமின்றி அளித்தல் தகும் எனக் கருதியே இதனை எழுதலானேன்.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த ஒரு சிற்றூர். என் தந்தையார் சுயநிதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். தந்தையாரைப் பெற்ற தாத்தாவும் எங்களுடன் வாழ்கின்றார். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய சிறுநீரகங்கள் தம் தொழிலைச் செய்யமாட்டாதன ஆயின. அதுமுதற் கிழமைக்கு இருமுறை, செவ்வாயன்றும் வெள்ளியன்றும், தூத்துக்குடிக்குச் சென்று டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டியவரானார். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடந்து எழுந்த முதியவர், ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைப் பேருந்திற் கடந்து வீடு சேர்தல் பெருந்துன்பம். வாடகைக் காருக்கோ ஒரு முறைக்கு 1,800 ரூபாய். மாதம் எட்டு முறைக்கு 14,400 ரூபாய். இச்செலவைத் தந்தையாரின் ஊதியம் நெடுநாள் தாங்காது. சொந்தமாக ஒரு சிறு கார் இருப்பின் எரிபொருட் செலவு முறைக்கு ஏறத்தாழ 600 ரூபாயில் முடியும். ஆகவே பழைய கார் ஒன்றை வாங்குவதென்று துணிந்தோம். தந்தையார் சேர்த்து வைத்திருந்த 1,20,000 ரூபாயும், தாயார் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பெற்ற 60,000 ரூபாயும் ஆக 1,80,000 ரூபாய் எங்கள் கைம்முதல். அதற்கு மேல் ஒரு காசும் இல்லை.

மே மாதத்தின் முதற் கிழமையில், தூத்துக்குடியில் தரகர் ஒருவரிடம் கார் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்வியுற்றுத் தந்தையாரும் நானும் சென்றோம். அது 2012-இற் பதிவு செய்யப்பெற்ற சிறு கார். புதிதாக வெள்ளை வண்ணம் பூசப்பெற்று வெயிலிற் கண்ணைப் பறித்தது. டயர்களுக்குக் கருமெருகு இட்டிருந்தனர். இருக்கைகளுக்குப் புத்துறை தைத்திருந்தனர். உள்ளே நறுமணப் புட்டி ஒன்றும் தொங்கிற்று. விலை 1,35,000 ரூபாய் என்றார் தரகர். எங்கள் கையில் 45,000 ரூபாய் மிஞ்சும் என்றும், அதைக்கொண்டு தாயாரின் சங்கிலியிற் பெரும்பாகம் மீண்டுவிடும் என்றும் என் மனம் விரைந்து கணக்கிட்டது. இது நல்லெண்ணமே. ஆயினும் இதனுள் வேறோர் எண்ணமும் கலந்திருந்தது என்பதை நான் மறைத்தலாகாது. அவ்வெண்ணிற வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரார் காணக் கோயில் வாசலில் இறங்குவதாக என்னை நானே மனக்கண்ணாற் கண்டேன்.

தந்தையார் தரகரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் இடப்புறத்துப் பின்கதவைத் திறந்து பார்த்தேன். கதவின் அடியோரத்தில், ரப்பர் விளிம்பின் கீழே, மூன்று நான்கு இடங்களில் வண்ணம் கடுகளவாகக் கொப்புளித்திருந்தது. அவற்றுள் ஒன்றை நகத்தால் அழுத்தினேன். மேற்றோல் உடைந்து, செம்பொடி விரலில் ஒட்டிற்று. அதனைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். "என்ன பார்க்கிறாய்?" என்று தந்தையார் கேட்டார். "ஒன்றுமில்லை அப்பா, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன். பத்து நிமிடத்திற்குள் 5,000 ரூபாய் முன்பணம் கைம்மாறிற்று.

அவ்வாண்டுத் தேர்வில், திருக்குறளின் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தைப்பற்றி நான்கு பக்கம் விடையெழுதி நன்மதிப்பெண் பெற்றவன் நான். செலவையும் வரவையும் பின்விளைவையும் எண்ணிய பின்னரே ஒரு செயலில் இறங்குதல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அதற்கு மூன்று உரையாசிரியர் கூறும் பொருளையும் ஒப்பிட்டு எழுதியவனுக்குத் தன் விரலில் ஒட்டிய செம்பொடியின் பொருள் விளங்காமற் போகவில்லை. விளங்கிற்று, விளங்கியும் வாய் திறக்கவில்லை.

முன்பணம் கொடுத்த பின்னரே தந்தையார்க்கு எங்கள் தெருவில் வாழும் அண்ணாச்சி ஒருவரின் நினைவு வந்தது. அவர் நாற்பதாண்டுகளாக டிங்கர் வேலை செய்பவர். லாரி, வேன், கார் ஆகியவற்றின் தகட்டுடலை வெட்டியும் ஒட்டியும் தட்டியும் செப்பஞ்செய்வது அவர் தொழில். "அண்ணாச்சி, மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது" என்று தந்தையார் வேண்ட, மறுநாளே அவர் எங்களுடன் புறப்பட்டார். அவர் கொண்டுவந்த கருவிகள் நான்கே: சிறு காந்தம் ஒன்று, திருப்புளி ஒன்று, கைவிளக்கு ஒன்று, பழஞ்சாக்கு ஒன்று.

எஞ்சினை அவர் முதலிற் பார்க்கவில்லை. "எஞ்சின் கெட்டால் இறக்கி ஏற்றலாம், சார்வாள். உடம்பு கெட்டால் எதை இறக்கி எதை ஏற்றுவது?" என்றார். காந்தத்தை மெல்லிய துணியிற் பொதிந்து, வண்டியின் பக்கங்களில் மேலிருந்து கீழாக நகர்த்தினார். மேற்பாகத்திற் காந்தம் பற்றி நின்றது. கதவுகளின் அடிப்பாகத்திலும் பின்சக்கரங்களின் வளைவிலும் பற்றாது நழுவி விழுந்தது. தகடு அரிக்கப்பட்ட இடத்திற் பட்டி என்னும் பூச்சு மாவைத் தடிப்பாக அப்பித் தேய்த்து, அதன்மேல் வண்ணம் அடித்திருக்கின்றனர் என்று விளக்கினார். கதவுகளின் அடியில் மழைநீர் வடிதற்கென்று சிறு துளைகள் உள. அத்துளைகள் பட்டியாலும் வண்ணத்தாலும் அடைபட்டிருந்தன. நீர் வடிய வழியின்றி உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். வெளியே தோன்றும் கொப்புளம் உள்ளிருந்து வரும் துருவின் கடைசி அடையாளமே என்றார். அக்கொப்புளம் எது என்பதை நான் அறிவேன். அவர் அதனைச் சுட்டிக் காட்டியபோது நான் வேறுபுறம் நோக்கினேன்.

அடுத்து, காலடியில் விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கினார். அதன் அடிப்புறம் ஈரமாயிருந்தது. அடித்தகட்டின்மீது புதிதாகத் தார் பூசியிருந்தனர். திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்; இதுவோ நனைந்த பலகைபோல் ஒலித்தது. பின்பு இருக்கைப் பட்டையை முழுநீளமும் வெளியே இழுத்தார். எப்பொழுதும் சுருளின் உள்ளே மறைந்திருக்கும் பகுதியில் சேற்றுக்கறை கோடிட்டிருந்தது. இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகளும் செந்நிறமாயிருந்தன. மழை புகாத இடத்திற் சேறு புகுந்ததெப்படி என்று தரகரை வினவினார். தரகர் விடை பகரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் எங்கள் மாவட்டத்தில் பெய்த பெருமழையை வாசகர் அறிவர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுள் இதுவும் ஒன்று என்பதில் எங்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

இறுதியிற் சாக்கை மண்ணில் விரித்து, வண்டியின் அடியிற் புகுந்து, "தம்பி, நீயும் வா" என்று என்னையும் அழைத்தார். மல்லாந்து கிடந்து கைவிளக்கின் ஒளியில் அவர் சுட்டிய இடங்களைப் பார்த்தேன். லாரிக்கு இரும்புச் சட்டம் தனி, உடல் தனி. இத்தகைய சிறு காருக்கோ உடலே சட்டம். கதவுகளின் கீழ் முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டி போன்ற தகட்டு விளிம்பும், அடித்தகட்டின் குறுக்குக் கட்டைகளும், முன்சக்கரத்தின் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் மேடையுமே வண்டியின் எலும்புகள். ஜாக்கி வைத்துத் தூக்கும் இடத்திற் பூசியிருந்த தாரை, தரகரின் இசைவு பெற்றுத் திருப்புளியின் முனையால் அழுத்தினார். நான் நகத்தால் அழுத்தியபோது ஒட்டிய அதே செம்பொடி, இப்பொழுது பிடியளவாக எங்கள் முகத்தில் உதிர்ந்தது. முனை ஒரு விரற்கடை உள்ளே சென்றது. எஞ்சின் மூடியைத் திறந்து முன்மேடையை நோக்கினால், அங்கும் தகடு ஏடு ஏடாகப் பிரிந்து, ஓரத்தில் மயிரளவு வெடிப்பும் கண்டிருந்தது.

"பழைய வண்டி என்றால் கொஞ்சம் துரு இருக்கத்தான் செய்யும்" என்றார் தரகர். "உண்மைதான், எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி" என்று அண்ணாச்சி அமைதியாக விடையிறுத்தார்.

அருகிலிருந்த தேநீர்க் கடையில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் நான் கணக்கெழுதினேன். டயர் நான்கு, 12,000; பாட்டரி, 4,000; முன் ஷாக் அப்சார்பர் இரண்டு, 6,000; அரிக்கப்பட்ட பிரேக் குழாய்கள், 5,000; அடித்தகடும் பக்க விளிம்பும் வெட்டிப் புதுத்தகடு ஒட்டி வண்ணமடிக்க, 28,000; ஆக 55,000 ரூபாய். கேட்ட விலையோடு கூட்டினால் 1,90,000 ரூபாய். எங்கள் கைம்முதலோ 1,80,000. "இது எண்ணக்கூடியதன் கணக்கு. முன்மேடைக்கு எழுதாதே, தம்பி. அதற்கு எண் இல்லை. அதைத் திறந்தால் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று எனக்கே தெரியாது" என்றார். துருவால் விளையும் செலவு காப்புறுதியிலும் கிடைப்பதன்று. விபத்திற்கு ஈடு செய்யும் நிறுவனங்கள் தேய்மானத்திற்கு ஈடு செய்வதில்லை. அன்றியும், காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். 2012-இன் வண்டிக்கு 2027-இற் சோதனை வந்துவிடும். அதிலே தேறினாலன்றி மேல் ஐந்தாண்டுக்குப் பதிவு புதுப்பிக்கப்பெறாது.

வண்டி வேண்டாம் என்று தரகரிடம் கூறினோம். முன்பணத்தைத் திருப்பித்தர அவர் இசைந்திலர். எழுத்தில் யாதொரு நிபந்தனையும் இல்லாமையால் நாங்கள் வற்புறுத்த வழியின்றித் திரும்பினோம். பேருந்தில் ஊர் வந்து சேருமளவும் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இரும்பு துருப்பிடிக்கும் வகையை வேதியியல் பயிலும் என் அறைத் தோழர் பின்னர் எனக்கு விளக்கினார். இரும்பு, காற்றிலுள்ள உயிர்வளியோடும் நீரோடும் கூடித் துருவாகின்றது. அலுமினியத்தின்மேற் படியும் ஆக்சைடு மெல்லிய போர்வையாய்ப் பற்றி நின்று உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ தான் பிறந்த இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்து, உப்பிப் பொரிந்து உதிர்வது; உதிர்ந்த இடத்திற் புதிய இரும்பு வெளிப்பட்டு அதுவும் துருவாகும். உப்புக் கலந்த ஈரம் மின்னோட்டத்தை எளிதிற் செலுத்துமாகலின், கடற்காற்றுப் படும் இடத்தில் இவ்வழிவு மிக விரைந்து நடைபெறும். நம் தென்கரையோர் இதற்குச் சான்று தேடிச் செல்ல வேண்டுவதில்லை. 1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் இரயிற்பாலம், இடைவிடாது சுரண்டலும் வண்ணமடித்தலும் நடந்தும், அரிப்பு மிகுந்தமையால் 2022 டிசம்பரில் இரயிற்போக்குவரத்திற்கு மூடப்பட்டது. அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்பிரலில் திறக்கப்பெற்றது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இவ்வரிப்பைத் தடுக்கும் வழிகளை ஆராய்தலைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. தமிழிலும் செம்பின் அழுக்கைக் களிம்பு என்றும், இரும்பின் அழுக்கைத் துரு என்றும் பிரித்து வழங்குகின்றோம். செம்பிற் களிம்பைச் சைவசித்தாந்த நூலார் ஆணவமலத்திற்கு உவமையாக எடுத்தாளுவர். புளியிட்டுத் தேய்த்தாற் களிம்பு நீங்கிச் செம்பு விளங்கும். துரு நீங்கினாலோ, அது தின்ற இரும்பு மீள்வதில்லை. இவ்வேறுபாட்டை நூலிற் கற்ற எனக்கு, வண்டியின் அடியிலேதான் அது தெளிவாயிற்று.

மே மாதக் கடைசியில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. அதே வகைக் கார்; அதே 2012-ஆம் ஆண்டுப் பதிவு; விலை 1,60,000 ரூபாய். இம்முறை அண்ணாச்சியை முதலிலேயே அழைத்துச் சென்றோம். அவ்வண்டியைக் கண்டபோது என் உள்ளம் சோர்ந்தது. வெயிலில் வெளுத்த சாம்பல் நிறம். முன் பம்பரில் ஓர் ஒடுக்கு. இருக்கைத் துணியிற் கிழிசல். ஆயினும் அது வறண்ட கரிசல் நிலத்திலே, கடலுக்கு அப்பால், ஒரே உடையவரிடம் ஓடிய வண்டி. காந்தம் ஓரிடமொழிய எங்கும் பற்றி நின்றது. கதவுத் துளைகள் திறந்திருந்தன. கம்பளத்தின் அடியில் உலர்ந்த கரிசற்புழுதியே இருந்தது. பழைய வண்ணம் வெளுத்திருந்ததேயன்றி, அதன்கீழ் ஒளிக்கப்பட்டது யாதும் இல்லை. பதிவுச் சான்றிலுள்ள எண்ணையும், வண்டியின் எஞ்சினிலும் உடலிலும் பொறித்த எண்களையும் ஒப்பிட்டு நோக்கினோம். மூன்றும் தெளிவாகப் படிக்கக்கூடியனவாய் ஒத்திருந்தன.

துரு அதிலும் இல்லாமலில்லை. துருவை மூவகையாகப் பகுத்துக் காண வேண்டும் என்று அண்ணாச்சி எனக்குக் கற்பித்தார். முதலாவது மேற்றுரு: தகட்டின் முகத்திலே செந்நிறமாய்ப் படர்ந்து, உப்புத்தாளால் தேய்த்தால் உறுதியான இரும்பு தோன்றுவது. இதற்குச் செலவு சில நூறுகளே. இரண்டாவது அரிதுரு: கதவின் அடி, சக்கர வளைவு போன்ற போர்வைத் தகட்டைத் துளைத்துவிட்டது. அவ்விடத்தை வெட்டிப் புதுத்தகடு ஒட்டுதல் வேண்டும். செலவு மிகுதியாயினும் முன்கூட்டிக் கணக்கிடலாம். மூன்றாவது எலும்புத்துரு: பாரத்தைத் தாங்கும் உறுப்புக்களை உண்பது. அதனைக் கண்டால் விலை பேசாமல் திரும்பிவிட வேண்டும். விபத்து நேருங்கால் உள்ளிருப்பவரைக் காக்க வேண்டியவை அவ்வுறுப்புக்களே. இச்சாம்பல் வண்டியில் அடிப்புறத்தில் ஆங்காங்கு மேற்றுருவும், வலப்புறப் பின்சக்கர வளைவில் உள்ளங்கையளவு அரிதுருவும் இருந்தன, எலும்புத்துரு இல்லை.

மீண்டும் தாளெடுத்துக் கணக்கெழுதினேன். வண்டியை ஓட்டிப் பார்த்தபோது நழுவிய கிளட்ச், 7,500. டயர் இரண்டு, 6,000. சக்கர வளைவில் டிங்கர் வேலை, 4,500. எண்ணெயும் பெல்ட்டுகளும், 3,000. அடிப்புறம் முழுதும் துருத்தடுப்புப் பூச்சு, 4,000. ஆக 25,000 ரூபாய். அத்தாளை உடையவரிடமே காட்டித் தந்தையார் விலை பேசினார். அவர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, பத்தாயிரம் குறைத்து, 1,50,000 ரூபாய்க்கு இசைந்தார். பெயர் மாற்றுதற்குரிய 29, 30-ஆம் படிவங்களிலும் கையெழுத்திட்டு, அதற்கான செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். விலையும் செப்பமும் கூட்ட 1,75,000 ரூபாய். முன்பணம் போக எங்கள் கையில் இருந்ததும் சரியாக அத்தொகையே.

அப்பொழுது அண்ணாச்சி ஒன்று கூறினார்: "சார்வாள், நான் சொல்லும் கணக்கோடு எப்பொழுதும் காற்பங்கு கூட்டி வைக்க வேண்டும். பழைய வண்டி ஒன்றையாவது ஒளித்து வைத்திருக்கும்." 25,000 ரூபாயிற் காற்பங்கு 6,250 ரூபாய். தந்தையார் தலையசைத்தார். ஆனால் வைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி கூறியவாறே நிகழ்ந்தது. கிளட்ச் 8,200 ஆயிற்று. சக்கர வளைவு வெட்டியபின் சிறிது அகன்று 5,300 ஆயிற்று. எண்ணெயும் பெல்ட்டும் 2,900-இல் முடிந்தன. டயரும் பூச்சும் கணித்தபடியே 6,000, 4,000. இவை 26,400 ரூபாய். ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், ரேடியேட்டர் ஒழுகி வண்டி நின்றுவிட்டது. ஊசிக் குத்துண்ட கையைத் துண்டாற் போர்த்துக்கொண்டு, தாத்தா சாலையோரத்து வேப்பமர நிழலில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். புது ரேடியேட்டருக்கு 5,400 ரூபாய். மொத்தம் 31,800 ரூபாய். குறைந்த 6,800 ரூபாயைத் தந்தையார் தம் உடனாசிரியர் ஒருவரிடம் கடனாகப் பெற்றார். பிறரிடம் கடன் கேட்டு அவர் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்றிரவு, வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வந்த அவரிடம், மே மாதத்தில் நடந்ததைச் சொன்னேன். கதவின் அடியிற் கொப்புளத்தைக் கண்டதும், நகத்தால் உடைத்ததும், கைக்குட்டையில் துடைத்ததும், "ஒன்றுமில்லை" என்றதும் ஆகிய எல்லாவற்றையும் சொன்னேன். தரகர் பட்டியால் மறைத்ததை நான் சொல்லால் மறைத்தேன். அவர் அயலார், நான் மகன். ஆகவே என் செயலே பெரிது என்பது எனக்கு அன்று தெளிவாய்த் தோன்றிற்று. தந்தையார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, "அன்றே சொல்லியிருந்தால் ஐயாயிரம் மிஞ்சியிருக்கும்" என்றார். மறுபடியும் சற்று நேரம் கழித்து, "அண்ணாச்சி உனக்குத்தானே எல்லாம் காட்டிக் கொடுத்தார்? இனி மாதம் ஒருமுறை வண்டியின் அடியைப் பார்க்கும் வேலை உன்னுடையது. பார்த்ததை அன்றன்றே எனக்குச் சொல்லிவிடு" என்றார்.

அதுமுதல் விடுமுறைக்கும் மாதக் கடைசிக்கும் வீடு செல்லும்போதெல்லாம் அப்பழஞ்சாக்கைப் போன்ற ஒன்றை விரித்து வண்டியின் கீழே புகுகின்றேன். நல்ல தண்ணீரால் அடிப்புறத்து உப்பைக் கழுவுகின்றேன். ஈர்க்கால் கதவுத் துளைகளைக் குத்தித் திறக்கின்றேன். கம்பளத்தைத் தூக்கி ஈரம் உண்டோ எனத் தடவிப் பார்க்கின்றேன். 2024 டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஒரு காலையில், இடப்புறத்து ஜாக்கி இடத்திற் பூச்சு சிறிது பெயர்ந்து, கடுகளவாய்ச் செந்நிறம் தோன்றியிருந்தது. விரலில் ஒட்டிய பொடியைத் துடைக்காமலே எழுந்து சென்று தந்தையார்க்குக் காட்டினேன். அண்ணாச்சி வந்து, சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே தடுப்புப் பூச்சும் இட்டார். செலவு 400 ரூபாய்.

பழைய வண்டி வாங்க முற்படும் நண்பர்க்கு நான் கூறத்தக்கவை சிலவே. விலை என்பது விற்பவர் சொல்லும் தொகையன்று. அத்தொகையோடு செப்பச் செலவும், அச்செலவிற் காற்பங்கும் கூடியதே விலை. புதிய வண்ணம் கண்ட இடத்திற் காந்தத்தை வைத்துப் பார்க்க. கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க. அடியிற் கிடந்து பார்க்க. அறிந்தவர் ஒருவரை முன்பணம் கொடுக்குமுன் அழைத்துச் செல்க. எலும்பிலே துருவாயின் எவ்வளவு மலிவாயினும் திரும்பி வருக. இவை யாவும் அண்ணாச்சியின் சொற்கள். என் சொல் ஒன்றே: செம்பொடி விரலில் ஒட்டினால் உடன் வந்தவர்க்கு அப்பொழுதே காட்டுக.

தாத்தா இன்றும் செவ்வாயும் வெள்ளியும் அச்சாம்பல் வண்டியிலேயே சென்று வருகின்றார். இருக்கையின் கிழிசலைத் தாயார் தைத்துவிட்டார். பம்பரின் ஒடுக்கு அப்படியே இருக்கின்றது. அதற்குச் செலவிட இன்னும் காலம் வரவில்லை.